வாக்குத்தத்த அட்டையைத் தாண்டி: தேவனை அறிகிற அறிவில் வளர ஒரு மாதப் பயிற்சி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது பலர் கையிலும் வேதவசனம் ஒன்றை அச்சிட்ட ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். அது மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஏறும். வாட்ஸ்அப்பில் காலை ஆறு மணிக்கே ரோஜாப்பூப் படத்தின்மேல் இன்னொரு வசனம் வந்து விழும். சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வசனத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த வசனம் யார், யாரிடம், எந்தப் பேச்சின் நடுவில் சொன்னது என்று கேட்டால்தான் திணறல்.

எரேமியா 29:11 அட்டைகளில் அடிக்கடி வரும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரும் நாளைக் காணாமலே கண்மூடியிருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால் வசனத்தின் ஆறுதல் குறையாது. அந்த ஆறுதலைக் கொடுக்கிறவர் எப்படிப்பட்டவர் என்பது கூடுதலாகத் தெரியும்.

அப்போஸ்தலன் பவுல் கொலோசெ பட்டணத்துச் சபையாருக்காக ஜெபத்தில் கேட்டது இந்தக் கூடுதலைத்தான்: "தேவனை அறிகிற அறிவில் விருத்தியடைந்து" (கொலோசெயர் 1:10). அவர்களுக்கு அவர் எழுதிய அந்த நிருபத்தையே, அதாவது கடிதத்தையே, பாடமாக எடுத்து நான்கு வாரம் செய்யும் பயிற்சி இது. நான்கு அதிகாரம், 95 வசனம். ஒரு மூச்சில் வாசித்துவிடலாம். ஒரு மாதம் தோண்டினாலும் தீராது.

எந்த வேதாகமம், என்ன பொருள்கள்

இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும். ஒன்று, சபையில் வாசிக்கிற பழைய திருப்புதல். 1871ல் முழுமையாக வந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது அது. மனப்பாடத்துக்கும் ஜெபத்துக்கும் அதன் நடையே நாவில் நிற்கும். மற்றொன்று இன்றைய தமிழில் உள்ள ஏதாவது ஒன்று: 1995ல் வெளிவந்த திருவிவிலியம் ஆகலாம், எளிய நடைப் பதிப்பும் ஆகலாம். கத்தோலிக்கர் வீட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இரண்டு எதற்கு என்றால், பழைய திருப்புதலில் நமக்குப் புரியாத சொற்களைவிடப் புரிந்ததுபோல் ஏமாற்றும் சொற்கள் ஆபத்தானவை. "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" (யோவான் 14:15) என்பதில் கற்பனை என்றால் கட்டளை. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்குக் கற்பனை என்றால் மனத்தில் தோன்றும் கதை. "ஆவியின் பட்டயம்" (எபேசியர் 6:17) என்றால் வாள். பலதொழில் கல்லூரியில் வாங்கும் பட்டயம் இல்லை. விசுவாசம் என்றதும் நாய் ஞாபகத்துக்கு வந்தால் குற்றம் உங்களுடையதல்ல, பேச்சுத் தமிழில் அந்தச் சொல் எஜமானப் பற்றாகச் சுருங்கிவிட்டது. வேதாகமத்தில் அது நம்பிச் சாய்வது. இப்படிச் சொற்கள் கண்ணில் படும்போதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழையது, புதியது என்று இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு மாதத்தில் முப்பது நாற்பது சொல் சேர்ந்தால் மற்ற நிருபங்களும் தெளியும்.

நோட்டு சாதாரணக் கோடுபோட்ட பள்ளி நோட்டு போதும். பென்சில் நல்லது, ஏனென்றால் முன் வாரத்தில் எழுதியதைப் பின் வாரத்தில் அழிக்க வேண்டிவரும். விளக்கவுரைப் புத்தகம் இருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும், அதன் முறை பிறகு வரும்.

நேரம்

ஒரு நாளைக்கு 25 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். ஏழு நாள் என்று ஆரம்பிக்காதீர்கள். ஓவர்டைம், பிள்ளையின் டியூஷன், ஊரிலிருந்து வரும் தொலைபேசி எல்லாம் சேர்ந்து வாரத்தில் இரண்டு நாளை எப்படியும் விழுங்கும். அந்த இரண்டு நாளை முன்கூட்டியே கழித்துவிட்டால் "விட்டுப்போச்சே" என்ற குற்ற உணர்வு வராது. திட்டங்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் குற்ற உணர்வுதான்: மூன்று நாள் பாக்கியை ஒரே இரவில் வாசிக்க உட்கார்ந்து, கண் சொக்கி, நான்காம் நாள் நோட்டையே மூடிவைத்துவிடுவது. விட்ட நாளை விட்டுவிடுங்கள். அடுத்த பகுதிக்கு நேராகப் போங்கள்.

வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை. 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்றேகால். நல்ல பழக்கம்தான். ஆனால் அது பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஊர் பார்ப்பது போன்றது. இங்கே சொல்வது இறங்கி நடப்பது. இரண்டையும் ஒரே வருஷத்தில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

தங்குவிடுதியில் இருப்பவர்களுக்கு அதிகாலை அமைதி கிடைப்பது அரிது. லாரி ஏறும் முன் பத்து நிமிடம், இரவு குளித்தபின் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். எழுதும் வேலையை மட்டும் ஞாயிறு மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வாசிப்பவர்கள் முதலில் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு உட்காருங்கள். வசனத்தின் நடுவில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தால் அந்த 25 நிமிடம் அதோடு சரி.

முதல் வாரம்: காதால் வாசிப்பது

முதல் வாரம், ஐந்தாம் நாள் வரை எதையும் எழுத வேண்டாம். ஐந்து நாளும் கொலோசெயர் முழுவதையும் வாய்விட்டு வாசியுங்கள். சராசரி வேகத்தில் 20 நிமிடத்துக்குள் முடியும். வாய்விட்டு வாசிக்க முடியாத நாளில் ஒலிப்பதிவைக் கேளுங்கள். செங்காங்கில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் நிருபம் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

ஏன் சத்தமாக? அந்தக் கடிதம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பிறகு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் சொன்னார் பவுல் (4:16). எழுதும்போது அவர் கட்டுண்டிருந்தார் (4:18). இந்தச் சபையாரில் பலர் அவர் முகத்தைக் கண்டதே இல்லை (2:1). அவர்களுக்குச் சுவிசேஷம் சொன்னவர் எப்பாப்பிரா (1:7). மூன்றாம் நாள் வாசிக்கும்போதே சில சொற்கள் திரும்பத் திரும்ப வருவது காதில் படும்: சகலமும், பரிபூரணம், இரகசியம், ஸ்தோத்திரம். ஐந்தாம் நாள் "இந்தக் கடிதம் எதற்காக எழுதப்பட்டது?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பென்சிலால் பதில் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. மாதக் கடைசியில் அதைத் திருத்துவதுதான் பயிற்சியின் பாதி.

அடுத்த மூன்று வாரம்: ஒன்பது துண்டுகள்

வாரத்துக்கு மூன்று துண்டு.

இரண்டாம் வாரம்: 1:1–14, 1:15–23, 1:24–2:5.
மூன்றாம் வாரம்: 2:6–15, 2:16–23, 3:1–11.
நான்காம் வாரம்: 3:12–17, 3:18–4:1, 4:2–18.

திங்கள், புதன், வெள்ளி துண்டுகளுக்கு. மீதி இரண்டு நாளில் ஒன்று மனப்பாடத்துக்கு, மற்றது மறுபடி முழு நிருபத்தையும் வாசிக்க. துண்டு துண்டாகப் பார்க்கிறவர்கள் முழுமையை மறந்துவிடுவார்கள் என்பதால் அந்தக் கடைசி நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் முதல் வேலை வினைமுற்றைக் கண்டுபிடிப்பது. தமிழ் வாக்கியத்தில் முக்கியமான வினை கடைசியில் வரும். பழைய திருப்புதலில் அது மூன்று வசனம் தள்ளிக்கூட உட்கார்ந்திருக்கும். நடுவில் வரும் "-து", "-படிக்கு", "-ஆய்" எல்லாம் அதில் தொங்குகிற கிளைகள். முற்றுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுக் கிளைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஆங்கில வேதாகமத்தோடு ஒப்பிடும் பிள்ளைகள் "வரிசை மாறியிருக்கே" என்பார்கள். ஆங்கிலத்தில் "பாத்திரராய் நடக்க" என்பது முன்னால் வரும், "அறிவில் விருத்தியடைந்து" என்பது பின்னால் வரும், தமிழில் தலைகீழ். மொழியின் இயல்பு அது, பிழையல்ல.

இரண்டாவது வேலை இணைப்புச் சொற்களை வட்டமிடுவது: ஏனென்றால், ஆகையால், ஆனபடியினால், ஆனாலும். இவைதான் வசனத்தை அட்டையிலிருந்து கழற்றி மறுபடி கடிதத்தில் பொருத்தும் ஆணிகள்.

மூன்றாவது, பக்கத்தை மூன்றாகப் பிரித்து எழுதுவது. மேலே: இந்தப் பகுதி பிதாவையும் கிறிஸ்துவையும் ஆவியானவரையும் பற்றி என்ன சொல்கிறது? நடுவில்: நம்மிடம் என்ன சொல்கிறது? அடியில்: எது புரியவில்லை? மேல்பகுதியை முதலில் நிரப்ப வேண்டும் என்பது கண்டிப்பு. பழக்கத்தால் கை நேராக நடுவுக்கே போகும்: "எனக்கு என்ன வாக்குத்தத்தம்?" அதைத் தடுக்கவே இந்த வரிசை. தேவனைப் பற்றிய வரிகள் மூன்றுகூட இல்லாமல் நமக்கான வரிகள் பத்து இருந்தால், அந்தப் பகுதியை இன்னொரு முறை வாசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

நீயா, நீங்களா

தமிழ் வாசகருக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு கருவி இது. இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை அழைத்தாலும் ஊரையே அழைத்தாலும் ஒரே சொல். தமிழில் நீ வேறு, நீங்கள் வேறு. நம் அன்றாடப் பேச்சில் "நீங்கள்" மரியாதைக்கும் வரும். பழைய திருப்புதலில் மரியாதைக்கு "நீர்" இருப்பதால் "நீங்கள்" என்று கண்டால் பலர் என்று எடுத்துக்கொள்ளலாம். எபிரெயுவிலும் கிரேக்கிலும் ஒருமை பன்மை தனித்தனியாக இருப்பதால் இந்த வேறுபாடு மூலத்திலிருந்து வருவது. "நீர்" என்ற மரியாதை மட்டும் தமிழின் கொடை; மூலமொழிகளில் அப்படி ஒரு வடிவம் கிடையாது.

லூக்கா 22:31, 32ஐப் பாருங்கள். இயேசு சீமோன் பேதுருவிடம் சொல்கிறார்: "சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான்." அடுத்த வரி: "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." புடைக்கப்படப் போவது எல்லாச் சீஷரும், ஜெபம் சீமோன் ஒருவனுக்காக, அவன் திரும்பியபின் மற்றவர்களைத் தாங்கும்படி. இன்றைய ஆங்கிலத்தில் வாசிக்கும் உங்கள் மகளுக்கு இது அடிக்குறிப்பு பார்க்காமல் தெரியாது. உங்களுக்கு வெறுமனே வாசித்தாலே தெரியும். எரேமியா 29:11லும் "உங்கள்பேரில்" என்றுதான் இருக்கிறது, ஒரு முழுக் கூட்டத்தைப் பார்த்து.

நாம், நாங்கள் என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கேட்பவரையும் சேர்த்தா, விலக்கியா என்பதைத் தமிழ் சொல்லியே ஆகவேண்டும்; கிரேக்கு இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. 2 கொரிந்தியர் 5:20ல் "நாங்கள் கிறிஸ்துவுக்காக ஸ்தானாபதிகளாயிருந்து" என்றும், 21ல் "நாம் அவருக்குள் தேவனுடைய நீதியாகும்படிக்கு" என்றும் வருவது மொழிபெயர்த்தவர்கள் சூழலைப் பார்த்து எடுத்த முடிவு. நல்ல முடிவுதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கொண்டு உபதேசம் கட்டக்கூடாது.

ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தால்

1:15: "அவர் அதரிசனமான தேவனுடைய தற்சொரூபமும், சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்." அதரிசனம் என்றால் கண்ணுக்குத் தெரியாமை. தற்சொரூபம் என்பதற்குத் திருவிவிலியம் "சாயல்" என்கிறது. இதுவரை சிக்கல் இல்லை.

"முந்தின பேறு" தான் வழுக்கும் இடம். முதலில் பிறந்தவர் என்றால் கிறிஸ்துவும் படைக்கப்பட்டவரா? ஒன்றிரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து இந்த வசனத்தைக் காட்டி அப்படியே கேட்பதும் உண்டு. பதறாமல் அடுத்த வசனத்தின் இணைப்புச் சொல்லைப் பாருங்கள்: "ஏனென்றால் அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது." முந்தின பேறு என்று ஏன் சொன்னார் என்பதற்குக் காரணம் இது. எல்லாம் அவருக்குள் படைக்கப்பட்டது என்றால் அவர் படைப்பின் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்.

இனி இணைவசனம் ஒன்று, அதாவது அதே கருத்து வரும் வேறிடத்து வசனம்: சங்கீதம் 89:27. அங்கே தேவன் தாவீதை "முதற்பேறானவனும், பூமியின் ராஜாக்களைப்பார்க்கிலும் மகா உயர்ந்தவனுமாக்குவேன்" என்கிறார். தாவீது ஈசாயின் கடைக்குட்டி. ஏழு அண்ணன்மார் சாமுவேலின் முன் கடந்துபோனபின் ஆட்டுமந்தையிலிருந்து கூப்பிடப்பட்டவன் (1 சாமுவேல் 16:10, 11). கடைக்குட்டியை முதற்பேறாக "ஆக்க" முடியும் என்றால் அந்தச் சொல் பிறந்த வரிசையைக் குறிக்கவில்லை, மூத்த மகனுக்குரிய அந்தஸ்தைக் குறிக்கிறது. தலைச்சன் பிள்ளைக்கு வீட்டில் என்ன இடம் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

இணைவசனத்துக்கு இரண்டு விதி: ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், எதை எடுத்தாலும் அதற்கு முன்னும் பின்னும் ஐந்து வசனம் வாசித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பழைய அட்டைப் பழக்கமே வேறு வேஷத்தில் திரும்பும்.

இப்போது விளக்கவுரையைத் திறக்கலாம். அடிப்பகுதியில் எழுதிய "புரியாதவை"க்கு மட்டும் விடை தேடுங்கள். முதலிலேயே திறந்தால் அவர் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். யூடியூப் பிரசங்கத்துக்கும் இதே கட்டுப்பாடு.

ஜெபமாக மாற்றுவது

கடைசி ஐந்து நிமிடம் மேல்பகுதியில் எழுதியதை அப்படியே தேவனிடம் திருப்பிச் சொல்லுங்கள். "அதரிசனமான தேவனே, உம்மைக் காணமுடியாத எங்களுக்கு உமது குமாரனைக் காட்டினீரே" என்று ஒரு வரி. பழகிய வார்த்தைகளே திரும்பத் திரும்ப வரும் ஜெபத்துக்கு இது நல்ல மருந்து, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் பேச ஒரு புதுப் பொருள் கையில் இருக்கும். இரண்டாம் வாரத்தில் 1:9–12ஐ எடுத்து "உங்களுக்காக" என்ற இடத்தில் ஒருவர் பெயரை வைத்து ஜெபியுங்கள்: தேசிய சேவையில் இருக்கும் மகன், ஊரில் இருக்கும் மனைவி, யாராக இருந்தாலும். வேலை, விசா, மதிப்பெண் எதுவும் அந்த நான்கு வசனத்தில் இல்லை என்பதைக் கவனிப்பீர்கள். அவற்றையும் கேட்கலாம், பவுல் முதலில் எதைக் கேட்டார் என்பது தெரிந்தபின் கேட்பது வேறுமாதிரி இருக்கும்.

எட்டாம் துண்டு

3:18–4:1ஐப் பலர் கணவன் மனைவி வசனமாக வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கடைசி வசனத்தில் நிறுத்துங்கள்: "எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்." இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பணிப்பெண் இருக்கிறார். 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். "நீதியும் செவ்வையும்" என்பது சட்டம் கேட்கும் அந்த ஒரு நாளோடு முடிகிறதா என்று நோட்டின் நடுப்பகுதியில் எழுதுங்கள். சம்பளம் கொடுக்கும் தேதி, ஊருக்குப் பேச விடும் நேரம், தூங்கும் இடம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வேலையிடத்தில் ஆள்களை நடத்தும் சூப்பர்வைசருக்கும் இதே கேள்வி.

இது தேவனை அறிகிற பயிற்சியில் ஏன் வருகிறது என்று தோன்றினால் எரேமியா 22:13–17ஐ வாசியுங்கள். ராஜா ஒருவன் அயலானுக்குக் கூலி கொடாமல் வேலை வாங்கி விசாலமான மேலறைகளைக் கட்டுகிறான். அவன் தகப்பன் யோசியாவோ எளியவனுடைய நியாயத்தை விசாரித்தவன். அதைச் சொல்லிவிட்டுக் கர்த்தர் கேட்கிறார்: "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு?" கொலோசெயர் 1:10ல் பார்த்த அதே சொற்கள். அங்கேயும் "சகலவித நற்கிரியைகளுமாகிய கனிகளை" என்பதுதான் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்தின் மூன்று துண்டிலிருந்து ஒரே ஒரு காரியத்தை எடுத்து, யாருக்கு, எந்த நாளில் என்று எழுதுங்கள். "இன்னும் அன்பாக இருப்பேன்" என்பது கணக்கில் சேராது. "செவ்வாய் இரவு தம்பிக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்பேன்" என்பது சேரும்.

நான்கைந்து பேர் சேர்ந்தால்

தனியாகச் செய்வதைவிடக் குழுவாகச் செய்தால் தப்பு சீக்கிரம் பிடிபடும். நான்கிலிருந்து ஆறு பேர், வாரத்துக்கு ஒருமுறை, 75 நிமிடம். பத்து நிமிடம் சத்தமாக வாசிப்பு. பத்து நிமிடம் ஒருவரோடொருவர் பேசாமல் எழுதுவது. 35 நிமிடம் பேச்சு. 20 நிமிடம் ஜெபம். கோப்பியும் பலகாரமும் அதற்குப் பிறகு. முதலில் வைத்தால் அரைமணி நேரம் அங்கேயே போய்விடும்.

எழுதும் பத்து நிமிடத்தை யாரும் வெட்டவேண்டாம். நம் கூட்டங்களில் வயதில் மூத்த அங்கிள் ஒருவர் பேசிவிட்டால் அதற்குமேல் தம்பி தங்கைகள் வாயைத் திறக்கமாட்டார்கள். மாறுபட்டுப் பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். எல்லாரும் எழுதி முடித்தபின் வயதில் இளையவர் முதலில் வாசிக்கட்டும், மூத்தவர் கடைசியில் வாசிக்கட்டும். யார் எதைச் சொன்னாலும் "எந்த வசனத்தில் பார்த்தீர்கள்?" என்று கேட்பது குழுவின் ஒரே சட்டம். அதைச் சபைப் போதகரிடமும் கேட்கலாம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து" சரிபார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அதற்காகத் திட்டு வாங்கவில்லை, நற்குணசாலிகள் என்று பேர் வாங்கினார்கள்.

தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களை ஆங்கில வேதாகமத்தோடு உட்காரவையுங்கள். ஆங்கிலத்தில் "நீ" வரும் ஒவ்வொரு இடத்திலும் "ஒருத்தரா, பல பேரா?" என்று அவர்கள் தமிழ்க்காரரைக் கேட்கவேண்டும். "சர்வ சிருஷ்டி" போன்ற இடங்களில் தமிழ்க்காரர் அவர்களைக் கேட்கவேண்டும். அடுக்குமாடி வீட்டில் பாட்டுப் பாடுவதாக இருந்தால் தாழ்வாரப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பாடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும் செவ்வையில் அடங்கும்.

சறுக்கும் இடங்கள்

இரண்டாம் வாரத்தில் ஒரு வறட்சி வரும். வாசித்ததையே வாசிக்கிறோம், ஒன்றும் "பேசவில்லை" என்று தோன்றும். அந்த நாளில் துண்டைக் கையால் நகல் எழுதுங்கள்; கை மெதுவாகப் போகும்போது கண் தாண்டிய சொல் மாட்டும்.

வேறொரு சறுக்கல் எதிர்ப்பக்கத்தில். நான்காம் வாரத்தில் நோட்டு நிரம்பியிருக்கும், ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் செய்யும் சிறு பிழைகள் காதில் குத்த ஆரம்பிக்கும். "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" (1 கொரிந்தியர் 8:1). திருத்தவேண்டியது இருந்தால் ஆராதனைக்குப் பிறகு தனியாக, கேள்வியாகக் கேளுங்கள். பாதிநேரம் பிழை உங்களுடையதாக இருக்கும்.

தேதி கணக்கிடுவது, எண்களைக் கூட்டிக் கழித்து மறைபொருள் எடுப்பது, செய்தித்தாளை வெளிப்படுத்தல் புத்தகத்தில் ஒட்டுவது: இவற்றில் ஓர் இழுப்பு இருக்கிறது. அதில் இறங்கியவர்கள் தேவனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதைக் கவனித்தால் போதும்.

அடுத்த மாதம்

கொலோசெயர் முடிந்ததும் முதல் வாரத்தில் எழுதிய அந்த ஒற்றை வரியைத் திருத்தி எழுதிவிட்டு, ஒரு புத்தகத்துக்குப் பதில் ஒரு வாக்கியத்தைப் பின்தொடருங்கள். யாத்திராகமம் 34:6, 7ல் தேவன் தம்மைத்தாமே அறிமுகப்படுத்துகிறார்: "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட ஜனத்துக்கு இரண்டாம் முறை கற்பலகை கொடுக்கும்போது சொன்னது. அதே மூச்சில் குற்றவாளியை அப்படியே விடாதவர் என்றும் சொல்கிறார். இந்த வாக்கியம் பழைய ஏற்பாடு முழுக்க எதிரொலிக்கும்: எண்ணாகமம் 14:18, நெகேமியா 9:17, சங்கீதம் 86:15, 103:8, 145:8, யோவேல் 2:13, யோனா 4:2, நாகூம் 1:3. வாரத்துக்கு இரண்டு என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் யார், எந்த நெருக்கடியில், வாக்கியத்தின் எந்தப் பாதியைச் சொல்கிறார் என்று எழுதுங்கள்.

கடைசி இரண்டும் இஸ்ரவேலின் எதிரியான அசீரியரின் பட்டணம் நினிவேயைப் பற்றியவை. நாகூம் இரண்டாம் பாதியைப் பிடிக்கிறான். யோனா முதல் பாதியைச் சொல்கிறான், ஆனால் புகாராக: நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதான் ஓடிப்போனேன் என்கிறான். அவன் தேவனைச் சரியாக அறிந்திருந்தான். அதுதான் அவனுக்கு வருத்தம். புத்தகத்தின் கடைசி வசனம் தேவன் அவனிடம் கேட்கும் ஒரு கேள்வி. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை. உங்கள் நோட்டில் அந்தக் கேள்வியை எழுதி, அடியில் அரைப்பக்கம் விட்டுவையுங்கள்.